ஒரே வீட்டில் இரண்டு ஓட்டு

பீவர் கோவ், மின்னசோட்டா
ஜூன் 20, 1976

ரைனோ,

பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாயே, அந்த மீனையும் உருளைக்கிழங்கையும் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டுவிட்டேன். அது கட்சி பார்க்காமல் தின்றது.

மாதத்துக்கு ஒருமுறைதான் உன் கப்பல் நம் ஊர்த் துறையில் நிற்கிறது. அந்த ஒரு நாளிலும் உன் அத்தானோடு மல்லுக்கு நிற்கத்தான் வேண்டுமா? பவ்லிச்சுக்கு இந்த ஊரில் தேர்தல் வேலை பார்க்கிறவர் மிலன் என்பது உனக்குத் தெரியும். ஆலைத் தொழிலாளர் யூனியன் கூடத்தில் எல்லோரும் கைதூக்கி அவரைத் தேர்தல் கமிட்டித் தலைவராகப் போட்டார்கள். அவர் மேசையில் உட்கார்ந்து, அவர் பிடித்த மீனைத் தின்றுகொண்டே, "பவ்லிச் ஆலைக்காரன் சட்டைப்பையில இருக்கான்"என்று சொன்னால் அவர் கைதட்டுவாரா?

வாஷிங்டன் சபையில் நம் தொகுதிக்கு இருந்த பழையவர் ஓய்வு பெறுகிறார், அவர் நாற்காலி காலியாகிறது, செப்டம்பரில் நம் கட்சிக்கு யார் நிற்பது என்று நாமே ஓட்டுப் போட்டு முடிவு செய்யப்போகிறோம். விஷயம் இவ்வளவுதான். பவ்லிச்சும் நம் கட்சி, அவரை எதிர்த்து நிற்கிற லிண்டாலும் நம் கட்சி. எதிர்க்கட்சிக்காரனோடுகூட நாம் இப்படி அடித்துக்கொண்டதில்லை. நீ போன பிறகு மிலன் சொன்னார்: "எதிர்க்கட்சிக்காரன் வீட்டுல பொண்ணு எடுத்தாலும் எடுப்பேன், லிண்டால் ஆளோட ஒரே பெஞ்சுல உக்கார மாட்டேன்."

இன்னொன்று. நீ வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கேட்டாய்: "அந்தத் தண்ணியத்தானே பெக்கிக்கும் குடுக்கற?" மிலன் எதிரில் நான் வாயைத் திறக்கவில்லை. எட்டு மாதக் குழந்தைக்கு விஷம் கொடுக்கிறவள் என்று என் தம்பியே என்னை நினைக்கக் கூடாது. அதனால் சொல்கிறேன். பெக்கிக்கு ஏரியிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரைக் கொடுப்பதில்லை. சனிக்கிழமைகளில் மிலன் காரில் கேன்களைப் போட்டுக்கொண்டு, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மலையடியில் இருக்கிற ஊற்றுக்குப் போகிறார். போர்வையால் மூடிக் கொண்டுவருகிறார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் ஆரம்பித்தார். பெக்கியின் பால் கலக்க அந்தத் தண்ணீர், எங்களுக்குக் குழாய்த் தண்ணீர். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இது உன்னோடும் என்னோடும் இருக்கட்டும்.

தைமி


ஹியூரான் ஏரி
ஜூலை 2

அக்கா,

உன் கடிதம் டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகில் வந்தது. வாளியை இறக்கி மேலே இழுத்துக்கொண்டோம். எல்லோருக்கும் பெண்டாட்டி, காதலி, கடன்காரன் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு நீ.

தட்டைத் தள்ளியது தப்பு. சொன்னது தப்பில்லை.

நீங்கள் கரையில் நின்று ஏரியைப் பார்க்கிறீர்கள். நான் சுக்கான் பிடித்துக்கொண்டு மேலேயிருந்து பார்க்கிறேன். இரும்புத்தாது அரைக்கிற ஆலையின் சரிவிலிருந்து பாறைத்தூள் இரவும் பகலும் ஏரியில் கொட்டுகிற இடத்தில் தண்ணீர், பாலில் சாம்பலைக் கரைத்த மாதிரி இருக்கிறது. அந்தக் கலங்கல் கரையோரமாகவே ஊர்ந்து டுலூத் நகரத்துப் பக்கம் போகிறது, அங்கேயும் அதைத்தான் குடிக்கிறார்கள். கப்பலில் நாங்கள் குடிப்பதும் ஏரித் தண்ணீர்தான். ஆனால் பீவர் கோவைத் தாண்டி நடு ஏரிக்குப் போகிறவரை சமையல்காரர் ஆர்ன் தொட்டியை நிரப்ப விடமாட்டார். "என் சூப்புல நானே உப்பு போட்டுக்கறேன், ஆலைக்காரன் கல்லு போட வேணாம்"என்பார். ஆர்ன் எந்தக் கட்சிக்கும் ஓட்டுப் போட்டதில்லை.

அந்தத் தூளில் ஊசி மாதிரி இழை இருக்கிறது, நுரையீரலில் போனால் எமன், வயிற்றில் போனால் என்ன என்று தெரியாது என்கிறார்கள். ஒரு வருஷத்துக்குள் தரையில் கொண்டுபோய்க் கொட்டு என்கிறான் லிண்டால். ஐந்து வருஷம் ஏரியிலேயே கொட்டட்டும், அதற்குள் பார்க்கலாம் என்கிறான் பவ்லிச். ஆலையை மூடச் சொல்லி யாருமே கேட்கவில்லை அக்கா. மூடிவிடுவேன் என்று மிரட்டுகிறவன் முதலாளி. அவன் மிரட்டலைத்தான் பவ்லிச் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஊற்று விஷயத்தைப் படித்ததும் முதலில் நிம்மதியாக இருந்தது. அடுத்தபடி கோபம் வந்தது. மே மாதம் யூனியன் கூடத்தில் மிலன் அத்தான் மேசையைக் குத்திப் பேசினாரே: "என் குடும்பமே இந்தத் தண்ணியத்தான் குடிக்குது!" நானும் பின்னால் நின்று கேட்டேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தண்ணீர், தன் பிள்ளைக்கு ஒரு தண்ணீரா?

அவர் யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடட்டும். நீ திரைக்குப் பின்னால் தனியாகத்தானே நிற்பாய். அங்கே எந்த அத்தானும் இல்லை.

ரைனோ


பீவர் கோவ்
ஜூலை 11

ரைனோ,

திரைக்குப் பின்னால் நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தராதே. உனக்கு ஷூ நாடா கட்டச் சொல்லித்தந்தவள் நான்.

மிலன் பொய் சொன்னார் என்கிறாய். தெரியாது என்பதும் பொய் என்பதும் ஒன்றா? மாநில மருத்துவர்களே ஒருவர் ஆம் என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார். தெரியாதபோது மனிதன் எதற்காகப் பயப்படுவான்? கையிலிருக்கிற குழந்தைக்காகப் பயப்படுவான், மாதக் கூலிக்காகவும் பயப்படுவான். மிலன் இரண்டுக்காகவும் பயப்படுகிறார். நீ கப்பலில் படுக்கையும் சோறும் கம்பெனி கணக்கில் வைத்துக்கொண்டு, ஏரி அழகாக இருக்கவேண்டும் என்கிறாய்.

உன் லிண்டால் வந்திருந்தார். சர்ச் அடித்தளத்தில் பெண்களோடு காபி. ஏலக்காய் ரொட்டி நான்தான் சுட்டேன், கட்சி வேறு, விருந்து வேறு. நல்ல கோட்டு, நல்ல பல். பேச்சும் நன்றாகத்தான் பேசினார். ஹெல்வி எழுந்து கேட்டாள்.

"ஆலையில வேலை போச்சுன்னா?"

"அரசாங்கமே புதுத் தொழில் கத்துக்குடுக்கும்மா. நான் அதுக்குச் சட்டம் கொண்டுவருவேன்."

"எங்க வீட்டுக்காரருக்கு அம்பத்திரெண்டு வயசு. என்ன கத்துக்குடுப்பீங்க, பியானோவா?"

எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஆனால் காபிக் கோப்பையைத் தொடவே இல்லை. போகும்போது அது விளிம்புவரை நிறைந்தபடியே ஆறிக் கிடந்தது. இத்தனை பெண்களும் அதைப் பார்த்தோம். நாங்கள் தினமும் குடிக்கிற தண்ணீர் அது, ரைனோ. எங்கள் உயிருக்காகப் பேச வந்தவருக்கு எங்கள் கோப்பை கசந்தது.

அப்பாவின் கால் சுரங்கத்தில் நசுங்கியபோது நீ ஒன்பது வயதுப் பையன். குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று கம்பெனி எழுதிவிட்டது. அப்போது பவ்லிச் யூனியன் எழுத்தர். நம் சமையலறையில் உட்கார்ந்து, சாட்சி சொல்ல ஒவ்வொருவனாகக் கூட்டிவந்து, இழப்பீடு வாங்கிக் கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் நாம் சாப்பிட்டோம். அவர் எவன் சட்டைப்பையிலும் இருந்ததில்லை.

பேப்பருக்கு எழுதப்போகிறேன் என்று போன முறை வந்தபோது உளறினாய். வேண்டாம். இது சின்ன ஊர்.

தைமி


டுலூத் துறைமுகம்
ஜூலை 26

அக்கா,

கப்பலில் சரக்கு ஏற்றுகிற நேரத்தில் லிண்டாலின் தேர்தல் அலுவலகத்துக்குப் போனேன். ஏரியில் வேலை செய்கிற, யூனியன் அட்டை வைத்திருக்கிற ஒருவன் அவர்களுக்குக் கிடைத்ததே இல்லையாம். எழுதிக் கொடு என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். பேப்பரில் வரும்.

உன் பெயர் இல்லை. அத்தான் பெயரும் இல்லை. உண்மையைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை.

இதை உனக்கு முன்பே சொல்லவேண்டும் என்று தோன்றியது. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பெக்கிக்குப் பல் வந்துவிட்டதா?

ரைனோ


பீவர் கோவ்
ஆகஸ்ட் 8

ரைனோ,

பெயர் இல்லையாம். இதோ நீ எழுதியது, வெட்டி வைத்திருக்கிறேன்: "பவ்லிச்சுக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்கிற யூனியன்காரர் ஒருவர் தன் கைக்குழந்தைக்கு மட்டும் மலை ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறார். குளிர்காலத்தில் நான் தங்குவது அந்த வீட்டில்தான்." கீழே உன் கையெழுத்து, ரைனோ கல்லியோ. பெயர் வேறு எதற்கு? பீவர் கோவில் நாய்க்குக்கூடத் தெரியும் நீ யார் வீட்டில் தங்குகிறாய் என்று.

உன்னை நம்பி ஒன்று சொன்னேன். ஒன்றே ஒன்று.

வெள்ளிக்கிழமை காலை வாசற்படியில் ஒரு காலிக் கேன் இருந்தது. மறுநாள் நான்கைந்து. ஒன்றில் "எங்க பிள்ளைங்களுக்கும் கொஞ்சம் கொண்டா மிலன்"என்று எழுதியிருந்தது. மிலன் அவற்றை எடுத்துக் கார் கொட்டகையில் அடுக்கினார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. உன் தம்பிக்கு யார் சொன்னது என்று கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேற்று யூனியன் கூடத்தில் பவ்லிச் கூட்டம். மிலன் பேச எழுந்ததும் பின்னாலிருந்து எவனோ, "தண்ணி வேணுமா தலைவரே? எந்தத் தண்ணி?"என்றான். சிரிப்பு. மிலன் மேடை ஓரத்துக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். இன்னொரு டம்ளர் குடித்தார். கைதட்டினார்கள். அத்தோடு முடிந்திருக்கும்.

"நீ குடிச்சா ஆச்சா? பாப்பாவுக்குக் குடு பாக்கலாம்!"

யார் என்று தெரியவில்லை. நம் ஆளோ, லிண்டால் ஆளோ. "குடு, குடு"என்று பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தார்கள். நான் முன்வரிசையில் பெக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிலன் இறங்கி வந்து என் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். இருந்த பாலைக் கொட்டிவிட்டுக் குழாயில் பிடித்தார். என் முன்னால் வந்து நீட்டினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நான் அவரைப் பார்த்தேன். கூடம் முழுக்க என்னைப் பார்த்தது.

நான் வாங்கிக் கொடுத்தேன், ரைனோ. என் கையால். அவள் தாகமாக இருந்தாள், பாதி பாட்டிலைக் குடித்தாள். கூடமே எழுந்து நின்று கைதட்டியது. பெக்கி அந்தச் சத்தத்தில் பயந்து அழுதாள்.

உன் உண்மை செய்த வேலை இது.

டிசம்பரில் ஏரி உறைந்து கப்பலைத் துறையில் கட்டிப்போட்டதும் இங்கே வராதே. உன் சாமான்களைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். எங்கே அனுப்புவது என்று எழுது.

தைமி


சூ கப்பல் மதகு
ஆகஸ்ட் 16

அக்கா,

குழந்தை எப்படி இருக்கிறாள்? முதலில் அதை எழுது. ஒரே தடவையில் ஒன்றும் ஆகாது என்று ஆர்ன் சொல்கிறார், அவருக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதத்தைச் சுக்கான் அறையில் படித்தேன். அடுத்த முறை சுக்கான் பிடிக்க என்னால் முடியவில்லை, வேறொருவனை நிறுத்திவிட்டார்கள்.

டுலூத்தில் இறங்கியதும் லிண்டால் அலுவலகத்துக்கு ஓடினேன். அந்த வரியை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுத் துண்டறிக்கை அடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டுக்கட்டாக. நிறுத்துங்கள் என்றேன். அங்கே ஒரு மேலாளர், என் வயதுதான் இருக்கும்.

"நண்பா, இந்தத் தேர்தல்ல நமக்குக் கிடைச்சதிலேயே பெரிய ஆயுதம் இது. நீயே கொண்டுவந்து குடுத்துட்டு நீயே திருப்பிக் கேக்கறியா?"

"அது எங்க அக்கா குழந்தை."

"அந்தக் குழந்தைக்காகத்தானே எல்லாம்."

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். வெளியே தள்ளிவிட்டார்கள். லிண்டால் உள்ளறையில் இருந்தார், கதவு திறந்திருந்தது. தொலைபேசியில் பேசிக்கொண்டே என்னைப் பார்த்தார். எழுந்து வரவில்லை.

இதற்கு மேலும் என் தபால் ஓட்டு அவருக்குத்தான். ஆளுக்காக இல்லை, ஏரிக்காக. இதைச் சொல்லாமல் மறைத்தால் உனக்குச் செய்கிற இரண்டாவது துரோகம்.

நான் செய்ததை எப்படிச் சரிசெய்வது? நீ சொன்னால் பேப்பருக்கு மறுபடி எழுதுகிறேன். ஊற்று கிடையாது, கேன் கிடையாது, குடிபோதையில் கட்டிவிட்ட கதை என்று எழுதுகிறேன். நீ சொன்னால் போதும்.

சாமான்களை அனுப்ப எனக்கு வேறு விலாசம் இல்லை.

ரைனோ


பீவர் கோவ்
ஆகஸ்ட் 25

ரைனோ,

பெக்கி நன்றாக இருக்கிறாள். கீழே இரண்டு பல். பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறாள் என்றுதான் நான் சொல்ல முடியும். மற்றது இருபது வருஷம் கழித்துத்தான் தெரியுமாம்.

உன் கடிதத்தை மிலன் படித்துவிட்டார். மேசையில் வைத்தது நான்தான். படிக்கட்டும் என்று வைத்தேனோ, மறந்து வைத்தேனோ, தெரியவில்லை. பேப்பருக்கு மறுபடி எழுதுகிறேன் என்ற பத்தியைப் படித்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மறுநாள் பவ்லிச்சே வந்தார். கையில் தட்டச்சு செய்த ஒரு தாள்.

அதே சமையலறை இல்லை, ஆனால் அதே மாதிரி உட்கார்ந்தார். காபி கொடுத்தேன், குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார். வயதாகிவிட்டது அவருக்கு, கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறார்.

"தைமி, உன் தம்பி ஒரு கையெழுத்து போட்டா போதும். டுலூத்ல அந்தத் துண்டறிக்கை எங்களைக் கொல்லுது."

"தண்ணியில ஒண்ணும் இல்லைன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "தெரியாதும்மா. எனக்குத் தெரிஞ்சது மூடின ஊர் எப்படி இருக்கும்ங்கறது. மலைக்கு அந்தப் பக்கம் ரெண்டு பாத்துட்டேன். ஜன்னல்ல பலகை அடிச்சு."

"அப்ப அதையே மேடையில சொல்லுங்களேன். தெரியாதுன்னு."

"தெரியாதுன்னு சொல்றவனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்?"

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். "என் சகோதரி குடும்பத்தைப் பற்றி நான் எழுதியது முழுப் பொய். லிண்டாலின் ஆட்கள் தூண்டியதால் எழுதினேன்"என்று இருக்கிறது. கையெழுத்துப் போடச் சொல்லி மிலன் கேட்கிறார். பவ்லிச் கேட்கிறார். நான் கேட்கவில்லை. போடாதே என்றும் சொல்லவில்லை. எனக்கு உன்மேல் கோபம் தீரவில்லை என்பதால், எதைச் சொன்னாலும் அது கோபம் சொல்வதா நான் சொல்வதா என்று எனக்கே பிடிபடவில்லை.

தைமி


மிஷிகன் ஏரி
செப்டம்பர் 3

அக்கா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆர்ன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். போடுமுன் வாசித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சாட்சியா? நீ கையெழுத்துப் போட்டதுக்கா, நீ பொய் சொல்றதுக்கா?"என்று கேட்டார். இரண்டுக்கும் என்றேன்.

பவ்லிச் அலுவலகத்துக்கு அனுப்பவில்லை, உனக்கு அனுப்புகிறேன். உன்னைக் கேட்காமல் உன் விஷயத்தை ஒருமுறை ஊருக்குக் கொடுத்துவிட்டேன். இந்த முறை அது உன் கையில் இருக்கட்டும். கொடுத்தால் நான் பொய்யன் என்று ஏரி முழுக்கத் தெரியும். அதைத் தாங்கிக்கொள்வேன். கொடுக்காவிட்டால் உன் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

பாரத்தை உன் தலையில் இறக்கிவிட்டேன் என்று நீ திட்டுவாய். திட்டு. ஆனால் பதில் எழுது.

ரைனோ


பீவர் கோவ்
செப்டம்பர் 19

ரைனோ,

பவ்லிச் ஜெயித்துவிட்டார், பேப்பரில் பார்த்திருப்பாய். டுலூத்தில் தோற்று, மலைப்பக்கத்து ஊர்களில் ஏறி, மயிரிழையில் ஜெயித்தார். நம் ஊரிலேயே லிண்டாலுக்கு இருநூறு ஓட்டுக்கு மேல் விழுந்திருக்கிறது. யார் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடையில் எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்வது நல்லது.

உன் உறை வந்ததை மிலன் பார்த்தார். "போட்டுட்டானா?"என்றார். "போட்டுட்டான்"என்றேன். அவர் கை நீட்டினார். நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். கடைசிக் கூட்டத்தில் நான்தான் அதை வாசிக்கப்போகிறேன் என்று அவராக நினைத்துக்கொண்டார். நான் அதை மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும். எழுந்து நிற்கிறவரை என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது, ரைனோ, சத்தியமாக.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி, ஜன்னல் திட்டிலெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். பெக்கியை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். மிலன் மேடையில் சொன்னார்: "நம்ம மேல சேறடிச்ச பையன், அடிச்சது பொய்யின்னு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கான். அவன் அக்காவே படிப்பாங்க."

எழுந்தேன். தாள் கையில் இருந்தது. முதல் வரி கண்ணில் பட்டது. "முழுப் பொய்." என் வாயில் அது வரவில்லை.

"என் தம்பி பேப்பர்ல எழுதினது பொய்யில்ல"என்றேன். "எங்க வீட்டுக்கு ஊத்துத் தண்ணி வருது. அதை அவங்கிட்டச் சொன்னதே நான்தான். அவன் ஊருக்குச் சொன்னது தப்பு, அதை அவனோட நான் பேசிக்கறேன். இந்தக் காகிதத்துல இருக்கறதுதான் பொய்."

பின்னால் எவனோ சீறினான். உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பாதியில் விட்டால் அது லிண்டால் பேச்சாகிவிடும் என்று தோன்றியது.

"செவ்வாய்க்கிழமை நான் பவ்லிச்சுக்குத்தான் போடுவேன். ஆலை மூடினா இந்த ரூம்ல இருக்கற பாதிப் பேர் வீட்டைப் பூட்டிட்டுப் போகணும். அதுக்காகப் போடறேன். தண்ணி நல்லாருக்குன்னு மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீங்க. எனக்குத் தெரியாது. இங்க யாருக்கும் தெரியாது."

ஹெல்வி தன் நாற்காலியை இழுத்து நகர்த்தினாள். என்னைவிட்டு விலகுகிறாள் என்றுதான் நினைத்தேன். நான் உட்கார இடம் விட்டிருக்கிறாள். அவளுடைய அந்த ஐம்பத்திரண்டு வயதுக்காரர் அவளை முறைத்தார், அவள் திரும்பவில்லை. பவ்லிச் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு ரயில் கட்டணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் கை கொடுத்தார், எனக்குக் கொடுக்கவில்லை. அது எனக்கு வலித்தது. அப்பாவின் நினைவு வந்தது.

மறுநாளே மிலனைக் கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆலையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம், சாப்பாட்டு மேசையில் அவர் பக்கத்தில் மட்டும் இடம் காலியாக இருக்கிறதாம். இதை அவர் சொல்லவில்லை, ஹெல்வி சொன்னாள். மிலன் என்னோடு பேசவே இல்லை. அடித்தளத்தில், உன் கட்டிலில் படுத்துக்கொண்டார். ஓட்டுச்சாவடிக்கு இருவரும் ஒரே காரில் போனோம், ஒரே ஆளுக்குப் போட்டோம், ஒரே காரில் திரும்பினோம்.

வெள்ளிக்கிழமை மேலே வந்தார். நான் பெக்கிக்குப் பாட்டில் கலந்துகொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நான் பாட்டிலை நீட்டினப்ப, நீ ஏன் வேண்டாம்னு சொல்லல?"

இத்தனை நாளும் அவர் சுமந்தது கூட்டத்தை இல்லை, கமிட்டியை இல்லை. இதைத்தான்.

"நீங்க நீட்டாம இருந்திருக்கலாமே"என்றேன்.

"நீ தட்டிவிடுவேன்னு நெனச்சேன். தட்டிவிட்டிருந்தா அங்கேயே எல்லாத்தையும் விட்டுட்டு இறங்கியிருப்பேன். உன் கையை மட்டும்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

"நான் உங்க கையைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் அழுதார். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. பால் ஆறிப்போய், பெக்கி கத்த ஆரம்பித்ததும் அவரே எழுந்து சூடு செய்தார்.

நீ கையெழுத்துப் போட்ட தாளைச் சவுனா நீராவிக் குளியலறை அடுப்பில் போட்டுவிட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. இன்னும் சில நாள் காலையில் எழுந்ததும் முதல் நினைப்பு அந்தக் கூடமும் அந்தப் பாட்டிலும்தான். அந்த நினைப்பில் நீயும் நிற்கிறாய், மிலனும் நிற்கிறார், நானும் நிற்கிறேன். யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல் எழுந்து காபி போடுகிறேன்.

டிசம்பரில் வா. உன் பெட்டிகளைப் பிரிக்கவில்லை, நீயே பிரித்துக்கொள். கதவை மிலன்தான் திறப்பார், அப்படித்தான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. திறந்து உன்னை என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. நீ என்ன சொல்வாய் என்றும் தெரியாது. நான் சமையலறையில் இருப்பேன். நீங்கள் இருவரும் பேசி முடிக்கிறவரை வெளியே வரமாட்டேன்.

தைமி அக்கா